வராந்தா பெஞ்சு

அந்தப் பையன் உட்காரவில்லை. பெஞ்சில் இடம் இருக்கிறது. அம்மா தன் பக்கத்தில் மஞ்சள் பையை வைத்து அவனுக்காகப் பிடித்துவைத்த இடம். வருகிறான், உட்காருகிறான், ஐந்து எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறான். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடை, அங்கிருந்து மருந்து கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் நடை, மறுபடி பெஞ்சு. நின்றாலும் ஒரு நிலையில் இல்லை. பாரத்தை இடது காலில் போடுகிறான், உடனே வலது காலுக்கு மாற்றுகிறான், திரும்ப இடது கால். இருபத்திரண்டு வயதிருக்கும். முகத்தில் கோபமோ மிரட்சியோ கிடையாது. தன் கால்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவனின் முகம்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் இங்கே வருவது செவ்வாய்க்கிழமை மட்டும் என்பதால் எட்டரை மணிக்கே வராந்தா நிறைந்துவிடும். உறவுக்காரப் பெரியவர் ஒருவருக்குத் துணையாக மாதாமாதம் வருகிறேன். சீட்டுப் போட்டதும் அவர் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார். எனக்கு அதன்பிறகு வேலை கிடையாது. சுற்றியிருப்பவர்களின் கை கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகத்தைப் பார்த்தால் சங்கடப்படுவார்கள், காலைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவதால் இங்கே எல்லாப் பாதமும் வெறும் பாதம். விரல்கள்கூடத் தெரியும்.

"ஒரு எடத்துல உக்காருப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"முடியலம்மா."

அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது காதில் விழுகிறது. போன மாதம்தான் முதன்முதலாக இங்கே காட்டினார்களாம். மாத்திரை ஆரம்பித்தபிறகு தனியாகப் பேசுவது நின்றது, ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுவது நின்றது, தூக்கம் வந்தது. "எல்லாம் சரியாகித்தான் வந்துச்சுக்கா. இப்பப் பத்து நாளா இந்த ஓட்டம். சோறுகூட நின்னுக்கிட்டேதான் திங்கிறான். கேட்டா, உள்ள இருந்து ஏந்திரி ஏந்திரின்னு தள்ளுதுங்கிறான். நோவு கூடிருச்சோன்னு பயந்து, ராத்திரி மாத்திரைய ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்துட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்ல வேண்டியவர் உள்ளே இருக்கிறார், இவர்கள் முறை வர இன்னும் மூன்றே பேர்தான். அப்படியே இருந்துவிட்டேன்.

பையன் படும் அவஸ்தைக்கு மருத்துவத்தில் அகதீசியா என்று பெயர். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை அடைக்கின்றன. காதில் கேட்கும் குரல்கள் அடங்குவது அந்த அடைப்பால்தான். ஆனால் நாம் கையை வீசி நடப்பதும், பேசும்போது புருவத்தைத் தூக்குவதும், சும்மா உட்கார முடிவதும் அதே டோபமைனின் தயவு. இது குரலுக்கான இடம், இது காலுக்கான இடம் என்று மாத்திரைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூளையைப் படம் எடுத்து ஆராய்ந்தவர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கணக்குக்கு வந்தார்கள். அடைபடும் இடங்கள் 65 விழுக்காட்டை எட்டினால் நோய் அடங்கத் தொடங்குகிறது. 80-ஐ நெருங்கித் தாண்டினால் உடம்பு முரண்டு பிடிக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்தில்தான் வராந்தாவில் இருக்கும் இத்தனை பேரும் காலம் தள்ளுகிறார்கள்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டாக்டர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். நிலைகொள்ளாமல் நடப்பவரைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று மருந்தைக் கூட்டுவதும், கூட்டியதாலேயே அவர் இன்னும் நடப்பதும் இந்தத் துறையின் பாடப்புத்தகங்களில் எச்சரிக்கையாகவே இருக்கிறது. 'உள்ளே இருந்து தள்ளுகிறது' என்று நோயாளி சொல்வதும் குரல் கேட்கிறவரின் பேச்சு மாதிரியே இருந்து தொலைக்கிறது. இந்தத் தவிப்பைத் தாங்க முடியாமல் உயிரையே விடத் துணிந்தவர்கள் உண்டு. பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் நடை.

பத்து மணி வாக்கில் ஓர் ஆட்டோ படி வரைக்கும் வந்து நிற்கிறது. பாட்டி ஒருவரும் டிரைவரும் தாங்கிப் பிடித்து ஓர் இளைஞனை இறக்குகிறார்கள். கழுத்து இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு தாடை தோளில் அழுந்தியிருக்கிறது. கண்விழிகள் மேலே சொருகி, கூரையிலேயே நிலைத்திருக்கின்றன. நாக்கு பாதி வெளியே. நெற்றி, மார்பு எல்லாம் திருநீறு. வராந்தாவே எழுந்து விலகுகிறது.

பாட்டி அழுகையினூடே ஏதேதோ சொல்கிறார். நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி. "ஊசி என்னைக்குப் போட்டீங்க?"

"முந்தாநாள் தாயி. ராத்திரி ரொம்பக் கத்துனான்னு வெளிய போட்டுக் கூட்டியாந்தோம்."

பதில் முடியும்போது நர்ஸ் கையில் ஃபெனர்கன் ஊசி மருந்து தயார். போட்டாயிற்று. "பாட்டி, காத்துமில்ல கருப்புமில்ல. மருந்து இழுத்திருக்கு. இப்பச் சரியாயிரும், நீங்க உக்காருங்க." பிறகு பையனின் காதருகே குனிந்து, "தம்பி, நாங்க பேசுறது கேக்குதுல்ல? பயப்படாத. கழுத்துத் தானா எறங்கிரும்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை நான் மறக்க மாட்டேன். இந்த இழுப்பு வந்தவனுக்கு நினைவு தப்புவதில்லை. தன்னைச் சுற்றிப் பேய் என்று பேசுவதெல்லாம் அவன் காதில் விழும், திரும்பி ஒரு சொல் சொல்லத்தான் வாய் வராது. மருந்து ஆரம்பித்த முதல் சில நாட்களில், அதிலும் இளவயது ஆண்களுக்கு, ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்தை ஊசியாகப் போட்டால் இது வரும் வாய்ப்பு அதிகம். வந்தால் பார்க்கவே குலை நடுங்கும், சரியான ஊசி போட்டால் அரைமணிக்குள் அடங்கும். அப்படியே ஆயிற்று. கண் கீழே இறங்கியதும் அவன் கேட்டது தண்ணீர்.

மனச்சிதைவுக்கு மருந்து என்று ஒன்று வந்து ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது என்பதை இந்த மாதிரி நேரத்தில் நினைத்துக்கொள்வேன். குளோர்புரோமசின் பிரான்ஸில் 1950 டிசம்பரில் உருவானது. 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை கட்டிப்போட்டும் குளிர்ந்த நீரில் முக்கியும் சமாளித்த வார்டுகளில் முதன்முறையாக அமைதி வந்தது. கூடவே கை நடுக்கமும், உணர்ச்சி காட்டாத முகமும், எச்சில் ஒழுகும் வாயும் வந்தன. 1958-ல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. அது குரல்களை இன்னும் பலமாக அடக்கியது, உடம்பையும் இன்னும் பலமாகப் பிடித்தது.

ஜன்னலோரம் ஒரு பெரியவர், கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓ.பி. நோட்டின் பின்னட்டையில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் எழுத்து ஓரளவு பெரிது, அடுத்தது அதில் பாதி, கடைசி எழுத்துகள் வரும்போது பேனா இருந்த இடத்திலேயே புள்ளி வைக்கிறது. அடுத்த வரி, மறுபடி அதே கதை. பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மகள் டாக்டரிடம் சான்று வாங்க வந்திருக்கிறாள். "எங்கப்பா எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று நர்ஸிடம் சொல்கிறாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வருத்தம் இல்லாததால் அல்ல, முகத்துத் தசைகள் அதைக் காட்ட மறுப்பதால்.

ஹாஸே என்ற ஜெர்மன் மருத்துவர் அந்த ஆரம்பகாலத்தில் நோயாளிகளின் கையெழுத்தையே மருந்தின் அளவுகோலாக வைத்தார். எழுத்து லேசாகச் சுருங்கத் தொடங்கும் இடம்தான் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வாசல் என்பது அவர் கணிப்பு. அந்த வாசலைத் தாண்டி அதிகம் போக வேண்டியதில்லை என்றும் சொன்னார். இந்தப் பெரியவர் வாசலைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டார் என்று அந்தப் பின்னட்டை சொல்கிறது. யாராவது வருடத்துக்கு ஒருமுறை நாலு வரி எழுதச் சொல்லியிருந்தால் பேங்குக்கு முன்பே டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.

பூக்கட்டும் அம்மாவை நான் பல மாதமாகப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். நிலக்கோட்டை மார்க்கெட் மல்லிகையை ஈரத்துணியில் முடிந்து கூடையில் கொண்டுவந்து, காத்திருக்கும் நேரத்தில் கட்டி முடித்துவிடுவார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நூல் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பார்க்காமலே கட்டுகிறார். முழம் முழமாக மடியில் விழுகிறது. கையில் ஒரு நடுக்கம் கிடையாது. அசைவு எல்லாம் வாயில். உதடுகள் குவிந்து விரிகின்றன, தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, நாக்கு உள்ளிருந்து கன்னத்தைக் குத்தி மேடாக்கிவிட்டு மறைகிறது. கை வேகமெடுத்தால் வாயும் வேகமெடுக்கிறது. சற்று நிறுத்தி நூலைப் பல்லில் கடிக்கும்போது மட்டும் அடங்குகிறது.

எதிரே இருந்த சிறுமி கேட்டுவிட்டாள். "பாட்டி, என்ன மெல்லுறீங்க?"

அவள் அம்மா தொடையில் கிள்ளுவதற்குள் அந்த அம்மா வாயை நன்றாகத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்ல கண்ணு. அதுவா ஆடுது." சொல்லிவிட்டுச் சிரித்து, ஒரு கண்ணி பூவைக் கிள்ளிச் சிறுமியின் தலையில் வைத்தார்.

பிறகு எங்கள் பெரியவரோடு நானும் உள்ளே. அடுத்த மூன்று பேரை முன்கூட்டியே அறைக்குள் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைப்பது இங்கே வழக்கம். ஒருவர் மனம் திறந்து பேசும் இடத்தில் வேறு காதுகள் இருக்கக் கூடாது. என் காது உட்பட. ஆனால் கூட்டத்தின் அளவு அப்படி, அறையின் அளவு இப்படி.

பையன் அங்கேயும் நிற்கிறான். டாக்டர் சின்ன வயதுப் பெண். நோட்டைப் புரட்டாமல் முதலில் அவன் பாதத்தைப் பார்த்தார்.

"தள்ளுறது யாரு தம்பி? குரலா?"

"குரல் இப்ப இல்ல மேடம். காலுதான். உக்காந்தா தாங்க முடியல. நடந்தாக் கொஞ்சம் பரவால்ல."

"இது நோய் இல்லம்மா, மாத்திரையால வர்றது" என்று அம்மாவிடம் திரும்பினார். இரட்டை மாத்திரை விஷயம் அப்போது வெளியே வந்தது. டாக்டர் திட்டவில்லை. ராத்திரி மாத்திரையை முன்பிருந்ததைவிடக் குறைத்தார், புரோப்ரனலால் சேர்த்தார், அடுத்த வாரமே வரச் சொன்னார். "நீங்களா கூட்டவும் வேணாம், நிறுத்தவும் வேணாம். நிறுத்திட்டா பழைய குரல் திரும்பி வரும். கால் எப்படி இருக்குன்னு மட்டும் தினம் கேளுங்க." அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து நாளாக மகனைப் பார்த்துப் பயந்ததற்கு அழுதாரா, பயம் தீர்ந்ததற்கு அழுதாரா தெரியாது.

பூக்கட்டும் அம்மாவோடு அவர் கணவரும் வந்திருந்தார். இருபது வருஷமாக மாச ஊசி. நடுவில் கை நடுக்கத்துக்கென்று சேர்த்த மாத்திரையும் யாரும் நிறுத்தாததால் அப்படியே ஓடுகிறது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் வாயைப் பார்க்கிறார்களாம். "வெத்தல போடுறான்னுதான் சொல்லிச் சமாளிக்கிறேன். இந்த ஊசியே வேணாம் மேடம், நிறுத்திருங்க."

டாக்டர் அந்த அம்மாவிடம் பேசினார். வாயில் ஏதாவது இருக்கிறதா, பல் செட் உண்டா, வாய் அசைவது அவருக்கே தெரிகிறதா. பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொன்னார். இரு கையிலும். விரல் ஓட ஓட வாயின் ஆட்டம் கூடியது. டாக்டர் விரலைப் பார்க்கவே இல்லை, வாயையே பார்த்துக் குறித்துக்கொண்டார். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 1976-ல் வகுத்த சோதனை இது. கை வைக்காத, கெட்டியான நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்கிற அளவுக்கு அதில் விவரம் உண்டு. அதில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. நோயாளிக்குத் தெரியாமல், அவர் சும்மா காத்திருக்கும் இடத்தில் வைத்தே அவரைக் கவனித்துக்கொள் என்பது. எனக்கு அது சோதனையின் உயிர்ப்பகுதியாகப் படுகிறது. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் உடம்பை இழுத்துப் பிடித்துக்கொள்வார், சிறிது நேரத்துக்கு அது முடியவும் செய்யும். டாக்டரின் முன்னால் கழியும் அந்தச் சில நிமிடங்களில் தெரியாதது வெளியே பெஞ்சில் மணிக்கணக்காகத் தெரிகிறது. வராந்தாவில் ஒரு நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ இதற்கென்றே உட்கார்ந்து பார்த்து நோட்டில் நாலு வரி எழுதினால், உள்ளே நடக்கும் வைத்தியம் வேறாக இருக்கும். மருந்தைப் போலவே அதையும் அரசு கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"தூங்கும்போது சுத்தமா இல்ல மேடம்" என்றார் கணவர். "அப்ப வேணும்னுதான் பண்றாளோ?"

"இல்லைங்க. இந்த மாதிரி அசைவு எல்லாமே தூக்கத்துல நின்னுரும்."

டார்டிவ் டிஸ்கைனீசியா. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மருந்து எடுத்தபிறகு பிந்தி வருவது. பழைய தலைமுறை மருந்து எடுப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் புதிதாகச் சேர்ந்துகொண்டே போகிறார்கள். வயதானவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். புதிய தலைமுறை மருந்துகளில் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. திடீரென்று மருந்தை நிறுத்தினால் ஆட்டம் அதிகமாவதும் உண்டு. கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் இந்த வாய் ஆட்டத்தை மோசமாக்கும், வாயை உலர்த்தும், ஞாபகத்தையும் மங்கவைக்கும்.

கணவர் நினைப்பதுபோல் எல்லாப் பழியும் ஊசியின் மேல் விழுவதும் சரியில்லை. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் மருத்துவர்களும் ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்ரீடியும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத நம்மூர் மனச்சிதைவு நோயாளிகளிடமும் இதே அசைவுகள் இருந்தன. மருந்து எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே இருந்தன. ஆய்வில் அப்படி மருந்தே எடுக்காதவர்கள் சிலர்தான். ஆனாலும் மருந்தே அறியாத முதியவர்களை இங்கே கண்டுபிடிக்க முடிந்தது என்பதே வயிற்றைப் பிசைகிறது.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஊசியை நிறுத்தப் போவதில்லை, பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றலாம். நடுக்க மாத்திரையை இப்போதிருந்தே குறைக்கலாம். டெட்ராபெனசின் கிடைக்குமா என்று மெடிக்கல் காலேஜில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதில் சிலருக்கு மனம் சோர்ந்துபோகும், அப்படி இருந்தால் உடனே வர வேண்டும். அந்த மருந்தின் பேரைக் கேட்டதும் எனக்கு நம்மூர் சர்ப்பகந்தா வேர் நினைவுக்கு வந்தது. அந்த வேரை மனநோய்க்குக் கொடுக்கலாம் என்று 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். அது டோபமைன் இருப்பையே காலி செய்து நடுக்கத்தைக் கொண்டுவந்தது. 1957-ல் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுக் கிடக்கவைத்து, எல்-டோபாவால் எழுப்பிக் காட்டினார். டோபமைனின் மகிமை உலகத்துக்குத் தெரிந்த கதை அது. ரெசர்பின் கைவைத்த அதே இடத்தில்தான் டெட்ராபெனசினும் கைவைக்கிறது, இன்னும் லேசாக. அதன் வழிவந்த இரண்டு மருந்துகளுக்கு இந்த வாய் ஆட்டத்துக்கென்றே 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

"எதுவும் பண்ணாம இப்படியே விட்டாலும் சரிதான் மேடம்" என்றார் அந்த அம்மா. அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. "அந்தப் பேச்சுச் சத்தம் திரும்ப வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் பூவும் கட்ட முடியாது, பொண்ணுக்குக் கல்யாணமும் பாக்க முடியாது. வாய் ஆடுனா ஆடிட்டுப் போகுது."

"ரெண்டையும் பாப்போம்மா. மெதுவாக் குறைக்கலாம். தூக்கம் கெட்டாலோ சத்தம் கேட்டாலோ அன்னைக்கே வாங்க, பழையபடி ஏத்திக்கலாம்."

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" கணவர் விடவில்லை.

"மருந்து சாப்பிடுறா, அதுல வாய் ஆடுதுன்னு சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா. "வெத்தலன்னு சொன்னா மட்டும் நம்பிட்டாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. டாக்டர் நோட்டில் அடுத்த தேதியை எழுதப் போனார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "அந்தச் செவ்வாய் வேணாம் மேடம், மறுநாள் முகூர்த்தம். பூ வேலை நெறைய இருக்கும். அதுக்கு முந்தின வாரம் வர்றேன்."